24 குழி அலுமினிய பிளாக்: ஒரே ரியாக்‌ஷன், குழிக்குக் குழி வேறு ஈல்டு (கிடைக்கும் பொருளின் அளவு)

குடுவைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி. மூன்றாம் வருடம். ஒரு சுசூகி கப்ளிங்குக்கு (பல்லேடியத்தைக் கேட்டலிஸ்டாக, அதாவது வினையூக்கியாக வைத்து இரண்டு கரிம மூலக்கூறுகளை இணைக்கும் ரியாக்‌ஷன்) 8 லிகண்டு (பல்லேடியத்தோடு ஒட்டி அதன் வேலையை மாற்றும் மூலக்கூறு), 3 பேஸ் (காரம்), ஆக மொத்தம் 24 சேர்க்கை பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக ஆயில் பாத்தில் போட்டால் ஒரு மாதம் ஓடிவிடும். ஒரே நேரத்தில் பல ரியாக்‌ஷன் ஓட்டும், ரெடிமேடாக விற்கும் பேரலல் ரியாக்டருக்குக் கொட்டேஷன் வாங்கினோம், லட்சக்கணக்கில் வந்தது. கைடு அந்தத் தாளைப் படித்து, மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, நாமே செய்துகொள்ளலாம் என்று ஒரு லேத் பட்டறையில் கொடுத்து அலுமினிய பிளாக் ஒன்று செய்தேன். நீளம் 130 மி.மீ., அகலம் 90, உயரம் 35. நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு குழி. குழிகளின் மையத்துக்கு மையம் 20 மி.மீ. இடைவெளி, குழி விட்டம் 15.5, ஆழம் 23. அதில் 4 மி.லி. கண்ணாடி வயல் 24 உட்காரும். ஒவ்வொன்றிலும் 2 மி.லி. எத்தனால்-தண்ணீர் கலவை, கலக்குவதற்கு ஒரு குட்டி மேக்னடிக் பீட் (டெஃப்லான் பூசிய காந்தத் துண்டு). எல்லாவற்றையும் எங்கள் லேபில் உள்ள வட்டமான ஹாட் பிளேட் ஸ்டிர்ரர் மேல் வைத்து 80 டிகிரி, 600 ஆர்.பி.எம். செட் செய்து ஓட்டுகிறேன்.

முதல் செட் அழகாக வந்தது. இரண்டு லிகண்டு மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டன, கைடுக்கு மகா சந்தோஷம். இரண்டாவது செட்டில்தான் ஒரு தப்பு செய்தேன், அந்தத் தப்பு நல்லதாகப் போயிற்று. தூக்கக் கலக்கத்தில் ஒரே சேர்க்கையை இரண்டு குழியில் போட்டுவிட்டேன். மூன்றாம் வரிசை மூன்றாம் குழியில் 78 சதவீதம், முதல் வரிசை மூலைக் குழியில் 41. அதே ஸ்டாக் கரைசல், அதே பைப்பெட், அதே நாள். அப்புறம் முதல் செட்டை எடுத்துப் பார்த்தால் ஜெயித்த இரண்டு லிகண்டும் நடுவில் இருந்த பத்திகளில்தான் இருக்கின்றன. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பிளாக்கை எப்படி மாற்றிச் செய்வது? ஹீட்டரைத் தனியாகப் போட வேண்டுமா? 40 ஆயிரம் ரூபாய் வரை செலவு செய்யக் கைடு ஒத்துக்கொண்டிருக்கிறார். 24 குழி கட்டாயம் வேண்டும் என்கிறார்.

பட்டறை_சிங்காநல்லூர் எழுதியது:

தங்கச்சி, ‘24 வயல்’ என்று பார்த்ததும் ஏதோ நிலத்தகராறு என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். எங்கள் ஊரில் அதைக் குப்பி என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை, ஆனால் உங்களை மாதிரி நாலைந்து பேருக்கு பிளாக் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதலில் ஒரு அளவு பாருங்கள். உங்கள் கட்டை 130க்கு 90. மூலைக்கு மூலை அளந்தால் 158 மி.மீ. வட்டமான ஹாட் பிளேட் பெரும்பாலும் 135 மி.மீ. விட்டம்தான் இருக்கும். அப்படியென்றால் உங்கள் நான்கு மூலையும் பிளேட்டுக்கு வெளியே 11 மி.மீ. காற்றில் தொங்குகின்றன. வீட்டில் குழிப்பணியாரக் கல்லைச் சின்ன பர்னரில் வைத்தால் என்ன ஆகும்? நடுப் பணியாரம் கருகும், ஓரத்தில் மாவு அப்படியே இருக்கும். அதே கதைதான்.

இன்னொன்று, அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிகரெட் பேப்பரையோ பில் பேப்பரையோ பிளாக்குக்கும் பிளேட்டுக்கும் நடுவில் வைத்து நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எங்காவது தாராளமாக வழுக்கி வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. மேல் பக்கம் மட்டும் மில்லிங் போட்டு, அடியை வாளால் அறுத்தது அறுத்தபடி விட்டுக் கொடுக்கிற ஆட்கள் உண்டு.

என்னைக் கேட்டால் ஹாட் பிளேட்டை நம்ப வேண்டாம். பிளாக்கின் இரண்டு நீளப் பக்கத்திலும் ஆளுக்கொரு 100 வாட் காட்ரிட்ஜ் ஹீட்டர் (குச்சி மாதிரி இருக்கும்) இறக்கி, பி.டி.100 வெப்பநிலை சென்சாரை பிளாக்குக்குள்ளேயே வைத்து, ஒரு பி.ஐ.டி. கன்ட்ரோலர் (வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரைத் தானே கூட்டிக் குறைப்பது) போடுங்கள். எல்லாம் சேர்த்து 10 ஆயிரத்துக்குள் முடிக்கலாம்.

வடிதாள் எழுதியது:

பட்டறை அண்ணன் சொல்கிற மூலைக் கணக்கு சரி. ஆனால் 78க்கும் 41க்கும் உள்ள வித்தியாசம் அதனால் மட்டும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். நான் மருந்து மூலப்பொருள் செய்யும் பல்க் டிரக் கம்பெனி ஒன்றில் 14 வருடமாகப் பிராசஸ் டெவலப்மென்டில் இருக்கிறேன், இந்தப் பாட்டை நானும் பட்டிருக்கிறேன்.

அலுமினியம் சூட்டை நன்றாகவே கடத்தும். 6061 ரகம் என்றால் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 160 வாட்டுக்கு மேல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போலப் பத்து மடங்கு. உங்கள் பிளாக்கின் பக்கவாட்டில் 80 டிகிரியில் தப்பிக்கும் வெப்பம் ஏறக்குறைய 10 வாட்தான் இருக்கும். அந்த 10 வாட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக பிளாக்குக்குள் அரை டிகிரி, மிஞ்சிப்போனால் ஒரு டிகிரி வித்தியாசம் போதும். உங்கள் ரியாக்‌ஷனின் ஆக்டிவேஷன் எனர்ஜி (நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 80 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், 80 டிகிரி பக்கத்தில் ஒரு டிகிரிக்கு வேகம் 8 சதவீதம் மாறும். ஆக ஒரு டிகிரியை வைத்து ஈல்டு பாதியாகக் குறைந்ததை விளக்க முடியாது.

நான் சந்தேகப்படுவது கலக்கலைத்தான். ஸ்டிர்ரருக்குள் இருப்பது ஒரே ஒரு காந்தம், அது நடுவில் சுற்றுகிறது. உங்கள் பிளாக்கில் நடு நான்கு குழிகள் மையத்திலிருந்து 14 மி.மீ. தூரம், மூலைக் குழிகள் 58 மி.மீ. தூரம். மூலையில் பீட் சுற்றாது, அப்படியே நின்று நடுங்கும். இதைப் பக்கவாட்டில் கண்ணால் பார்க்கவே முடியாது, ஏனென்றால் குப்பி பிளாக்குக்குள் புதைந்திருக்கிறது. மொபைல் கேமராவை மேலே ஸ்லோ மோஷனில் பிடித்து 24 குழியையும் பாருங்கள். பொட்டாசியம் கார்பனேட் சரியாகக் கரையாமல் அடியில் உட்கார்ந்திருந்தால் அங்கே கலக்கல்தான் எல்லாம்.

அடுத்து, கரைப்பான் எவ்வளவு ஆவியாகிறது என்று பாருங்கள். எத்தனால்-தண்ணீர் விகிதத்தைப் பொறுத்து 78 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பிக்கலாம், நீங்கள் 80 வைக்கிறீர்கள். ஒரு தடவை ஊசி குத்திய செப்டம் (மூடியில் உள்ள ரப்பர் வில்லை) என்றால் ஆவி உள்ளே நிற்காது. ஓட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு குப்பியையும் மூடியோடு எடை போடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. ஸ்டாக் கரைசலிலேயே ட்ரைமெத்தாக்சிபென்சீன் மாதிரி ஒரு இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ரியாக்‌ஷனில் சேராத, அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) போட்டுவிடுங்கள், பிறகு ஒரு குப்பியில் கொஞ்சம் ஆவியாகிப் போனாலும் எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) கணக்கு தப்பாது.

நேரக் கணக்கும் உண்டு. 24 குப்பியிலும் கேட்டலிஸ்ட் ஊற்ற ஏழு எட்டு நிமிடம் ஆகும். ரியாக்‌ஷன் அரை மணி நேரம் என்றால் முதல் குப்பிக்குக் கால்வாசி நேரம் இலவசம். ஊற்றிய அதே வரிசையில், அதே இடைவெளியில் நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள், செய்யாமல் எதையும் மாற்றாதீர்கள். ஒரே மாவை எல்லாக் குழியிலும் ஊற்றுங்கள். 24 குப்பியிலும் ஒரே ரியாக்‌ஷன், பெயரைப் பார்த்தாலே தூக்கம் வருகிற ஒன்று போதும், 4-புரோமோஅனிசோலும் ஃபீனைல்போரானிக் ஆசிடும். முக்கியமாக, அதை முடியும் வரை விடாதீர்கள். 40, 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். முழுக்க ஓடவிட்டால் எல்லாக் குழியிலும் 95 காட்டும், பிளாக் பிரமாதம் என்று நம்பிவிடுவீர்கள். பாதி வழியில் நிறுத்தினால்தான் எது வேகமாக ஓடியது, எது நொண்டியது என்று தெரியும்.

ஒரு சின்ன விஷயம்: வெப்பநிலை பார்க்கப் பாதரசத் தெர்மாமீட்டரை அந்த பிளாக்கில் சொருகிவிடாதீர்கள். உடைந்தால் பாதரசம் அலுமினியத்தோடு சேர்ந்து பிளாக்கையே அரித்துவிடும், நான் பார்த்திருக்கிறேன், வெள்ளைப் பூஞ்சை மாதிரி வளரும்.

பட்டறை_சிங்காநல்லூர் எழுதியது:

அக்கா சொன்னால் சரிதான். தெர்மோகப்பிள் (கம்பி மாதிரி இருக்கும் வெப்பநிலை சென்சார்) வைத்து அளப்பதாக இருந்தால் ஒரே ஒரு தெர்மோகப்பிளை எடுத்துக்கொண்டு குழி குழியாகப் போங்கள். சாதாரண கே டைப் என்றால் பிளஸ் மைனஸ் 2.2 டிகிரி வரை தப்பு இருக்கலாம் என்று கணக்கு. நான்கு தெர்மோகப்பிள் நான்கு குழியில் வைத்தால் பிளாக்கை அளக்க மாட்டீர்கள், தெர்மோகப்பிள்களைத்தான் அளப்பீர்கள்.

குடுவைக்காரி எழுதியது:

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அக்கா, நீங்கள் லேபுக்கு வந்து பார்த்தது மாதிரியே இருக்கிறது.

வெப்பநிலை: ஹாட் பிளேட் 80 காட்டும்போது பிளாக்கின் நடுவில் 76.5, மூலையில் 75.7. ஆக நடுவுக்கும் மூலைக்கும் ஒரு டிகிரி கூட இல்லை, ஆனால் மொத்தமாக எல்லாமே நான் நினைத்ததைவிடக் குறைவு. பிளேட்டுக்குள் இருக்கும் சென்சார் பிளேட்டைத்தான் படிக்கிறது. பேப்பர் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது, அண்ணன் சொன்ன மாதிரி அடியில் வாள் கோடு அப்படியே இருக்கிறது.

கலக்கல்: ஸ்லோ மோஷனில் பார்த்தேன், வயிறு எரிந்தது. நடு எட்டுக் குழியில் நன்றாகச் சுற்றுகிறது. அதற்கு வெளியே சிலது சுற்றுகிறது, சிலது குதிக்கிறது. நான்கு மூலையிலும் பீட் அசையாமல் நின்று லேசாக நடுங்குகிறது, அடியில் வெள்ளையாகப் பொடி. வேகத்தைக் கூட்டினால் நடுவில் இருப்பதும் பிய்த்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடிவிடுகிறது.

எடை: மூன்று குப்பியில் 0.3 கிராமுக்கு மேல் இழப்பு. மூன்றும் பழைய செப்டம்.

ஒரே மாவுச் சோதனை: அதிகம் 52, குறைவு 23. முதல் செட் ரிசல்ட் முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. கைடிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் “பப்ளிஷ் செய்வதற்கு முன்னால் தெரிந்தது நல்லது” என்றார்.

இப்போது கேள்வி, 24 பீட்டையும் ஒரே மாதிரி சுற்ற வைப்பது எப்படி? குழிக்கு ஒரு மோட்டார் போடலாமா?

ரைன்கரை எழுதியது:

24 மோட்டார் வேண்டாம், 24 ரிப்பேர் வரும். குழிகளை வட்டமாகப் போடுங்கள். 40 மி.மீ. ஆரத்தில் ஒரே வளையம், அதில் 12 குழி. பக்கத்துக் குழிக்கு இடைவெளி 20 மி.மீ.க்கு மேல் கிடைக்கும். பிளாக் விட்டம் 110, உங்கள் பிளேட்டுக்குள் அடங்கும், எதுவும் தொங்காது. எல்லாக் குழியும் காந்தத்திலிருந்து ஒரே தூரம், ஓரத்திலிருந்தும் ஒரே தூரம், நடுக்குழி மூலைக்குழி என்ற பேச்சே கிடையாது. நடுவில் சென்சாருக்கு ஒரு துளை. ராட்லீஸ் கரோசல் என்று 12 குழாய் வைத்த கருவி கடைகளில் கிடைக்கிறதே, அதன் வடிவமும் இதுதான். 24 வேண்டும் என்றால் காலையில் 12, மதியம் 12. இரண்டு தடவையும் ஒரு குழியில் அதே ஸ்டாண்டர்டு ரியாக்‌ஷனைப் போடுங்கள், காலையும் மதியமும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். அப்போது ஒரு நாளில் 22 சேர்க்கைதான் ஆகும், மீதி இரண்டை அடுத்த நாள் போடுங்கள்.

நான் இருப்பது ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாஃபென் பக்கம், அதனால் ஒரு பழைய கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மன் கெமிஸ்ட் 1909ல் காற்றில் உள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து காட்டியபோது கேட்டலிஸ்ட் ஆஸ்மியம் என்ற அரிய உலோகம். உலகத்தில் இருக்கிற ஆஸ்மியம் முழுவதையும் வாங்கினாலும் ஒரு தொழிற்சாலைக்குப் போதாது. இந்த ஊரில் இருக்கும் பி.ஏ.எஸ்.எஃப். கெமிக்கல் கம்பெனியில் ஆல்வின் மிட்டாஷ் என்ற கெமிஸ்டிடம் வேறு கேட்டலிஸ்ட் தேடும் வேலையைக் கொடுத்தார்கள். அவர் குழு செய்த முக்கியமான காரியம் கேட்டலிஸ்டைத் தேடுவதற்கு முன்னால் கருவியைச் செய்ததுதான். சின்னச் சின்ன உயர் அழுத்தக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் 2 கிராம் கேட்டலிஸ்ட் வைத்த தோட்டா. குழாயைப் பிரிக்காமல் தோட்டாவை மட்டும் உருவி அடுத்ததைச் சொருகலாம். 1912 ஆரம்பத்துக்குள் ஏறக்குறைய 2,500 பொருள், 6,500 சோதனை முடித்துவிட்டார்கள். அதில் ஸ்வீடன் நாட்டு யெல்லிவாரே சுரங்கத்து மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஒன்று மட்டும் காரணம் தெரியாமல் நன்றாக வேலை செய்தது. சுத்தமான இரும்பு அப்படிச் செய்யவில்லை. தாதுவில் கலந்திருந்த அழுக்கில்தான் விஷயம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த இரும்புக் கேட்டலிஸ்டுக்கு வந்தார்கள். குழாய்க்குக் குழாய் ரிசல்ட் மாறுகிற கருவியாக இருந்திருந்தால் அந்த ஒரு தாதுவை ‘ஏதோ அளவுப் பிழை’ என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அப்புறம் லிகண்டுகளைப் பத்தி பத்தியாக அடுக்காதீர்கள். குலுக்கிப் போட்டு எந்தக் குழியில் எது என்று எழுதிவையுங்கள். உங்கள் முதல் செட்டில் நடுப்பத்தி ஜெயித்ததா, லிகண்டு ஜெயித்ததா என்று பிரிக்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்த அடுக்கல்தான்.

புதியவன்_லேப்3 எழுதியது:

இதே பிளாக்கில் மூடியை இறுக்கி ஹைட்ரஜன் கொடுத்து ஹைட்ரஜனேஷன் பார்க்கலாமா? எனக்கும் ஒன்று தேவைப்படுகிறது.

வடிதாள் எழுதியது:

தம்பி, கண்ணாடிக் குப்பியில் ஹைட்ரஜன் அழுத்தம் கூடவே கூடாது. வேண்டுமென்றால் 12 குப்பியையும், மூடியில் ஊசி குத்தியபடி, ஒரு பெரிய ஸ்டீல் ஆட்டோகிளேவுக்குள் மொத்தமாக இறக்குங்கள். அழுத்தத்தை ஆட்டோகிளேவ் தாங்கும், குப்பிக்கு உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். அதற்கும் கைடும் சேஃப்டி ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாக் குப்பிக்கும் ஒரே கேஸ்தான், ஒன்றிலிருந்து ஆவி மற்றதுக்குப் போகும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை_சிங்காநல்லூர் எழுதியது:

வட்ட பிளாக் நல்ல யோசனை, லேத்திலேயே முகம் சீவிவிடலாம், அடி சமமாக வரும். 12 துளையை இன்டெக்சிங் ஹெட்டில் 30 டிகிரிக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். கையால் மார்க் செய்து டிரில் போட விடாதீர்கள். துளையை டிரில்லோடு விடாமல் ரீமர் போட்டு முடித்தால் விட்டம் ஒரே சீராக இருக்கும். குப்பியும் பிளாக்கும் ஒட்டி நின்றால்தான் சூடு ஏறும், நடுவில் காற்று இருந்தால் அது கம்பளி மாதிரி. குழியின் அடியில் 10, 12 மி.மீ.க்கு மேல் அலுமினியம் விடாதீர்கள், காந்தம் தூரமாகிவிடும். கடைசியில் ஹார்டு அனோடைசிங் (மேலே கெட்டியான ஆக்சைடு படலம் ஏற்றுவது), இல்லையென்றால் சிந்துகிற ஆசிட் தின்றுவிடும்.

ஹீட்டர் தனியாகப் போட்டால் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ஹீட்டரை ஆன் ஆஃப் செய்யும் எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே) கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது ஹீட்டர் ஆஃப் ஆகாது. கன்ட்ரோலர் பாவம், ஆஃப் ஆஃப் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பல வருடம் முன்பு நான் செய்து கொடுத்த ஒரு பிளாக் ராத்திரி முழுக்க ஓடி, காலையில் போய்ப் பார்த்தால் டெஃப்லான் மூடியெல்லாம் சூம்பிப் போயிருந்தது, நல்ல வேளையாக உள்ளே சும்மா சிலிக்கான் ஆயில்தான். அன்றிலிருந்து ஹீட்டர் லைனில் தனியாக ஒரு 120 டிகிரி தெர்மோஸ்டாட் வைக்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. சின்னப் பட்டன் மாதிரி இருக்கும், விலை டீச்செலவுதான்.

குடுவைக்காரி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

பிளாக் வந்துவிட்டது. 110 விட்டம், 12 குழி, ரீமர், அனோடைசிங் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். ஹீட்டர் தனியாகப் போடவில்லை. ஹாட் பிளேட்டுக்கு வெளி சென்சார் போடும் சாக்கெட் பின்னால் இருந்தது, மூன்று வருடமாக யாரும் பார்க்கவில்லை. அதைப் பிளாக்கின் நடுத் துளையில் வைத்துவிட்டேன். 75 டிகிரிதான் வைக்கிறேன், கொதிக்க விடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் புது செப்டம்.

ஒரே மாவுச் சோதனை, 12 குழி: குறைவு 44, அதிகம் 48. ஆனால் ஏழாம் குழியில் மட்டும் 59. குப்பியை மாற்றினேன், குழியை மாற்றினேன், அந்த 59 குழியோடு நிற்காமல் கூடவே நகர்ந்தது. கடைசியில் பார்த்தால் மேக்னடிக் பீட்! பழைய பீட், ஓரத்தில் கருப்பாக இருந்தது, சும்மா கறை என்று நினைத்துப் போட்டிருந்தேன். அந்த பீட்டை மட்டும் போட்டு, பல்லேடியமே சேர்க்காமல் ஓட்டினேன். 11 சதவீதம் பிராடக்ட் வருகிறது!

ரைன்கரை எழுதியது:

மாஸ்கோவில் அனானிகோவ் என்ற கெமிஸ்டின் குழு 2019ல் இதைத்தான் காட்டினார்கள். பீட் மேல் இருக்கும் டெஃப்லான் சுற்றிச் சுற்றித் தேய்ந்து, அந்தக் கீறல்களில் பழைய ரியாக்‌ஷனின் உலோகம் மாட்டிக்கொள்கிறது, கழுவினாலும் முழுக்கப் போவதில்லை. அவர்கள் சோதித்ததும் சுசூகிதான். கேட்டலிஸ்ட் இல்லாத கன்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) ஒன்றை எப்போதும் ஓட்டுங்கள், அதிலும் பழைய பீட் போடாதீர்கள்.

வடிதாள் எழுதியது:

அக்வா ரீஜியாவில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலவை) ஊறப்போடலாம், ஆனால் கருப்பு ஏறிய பீட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஸ்கிரீனிங்குக்கு என்று 12 புது பீட் வாங்கித் தனி டப்பாவில் பூட்டி வையுங்கள். பூட்டி என்று சும்மா சொல்லவில்லை, லேபில் பீட் என்றால் பொதுச் சொத்து.

குடுவைக்காரி எழுதியது:

24 வாங்கிவிட்டேன். ஏற்கெனவே இரண்டைக் காணவில்லை.